பாத்தியா, நெனச்சியா?

அக்காவின் பேரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது மொபெட்டில் வந்து இறங்கி, "என்னப் பத்தி எழுதிக்கீறியாமே, பாத்து எழுதினியா, நெனச்சி எழுதினியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றைக்கும் ஒழுங்கான பதில் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. என் கல்யாணம் நின்றுபோக இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்விதான். மீதிப் பாதி நான். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஆளைக் கொஞ்சம் காட்டிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் எனக்குச் சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. தகரக் கொட்டகை, தலைக்கு மேல் ஒரு ஃபேன், ஒரு இரும்பு மேஜை, எண்ணெய் ஊற்றிய ஒரு வெல்டிங் மிஷின். அணுபுரம் குடியிருப்பில் இருந்த அணுமின் நிலையத்துக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். திருநெல்வேலிக்காரர் வருவார், கோயம்புத்தூர்க்காரர் வருவார், ஆளுக்கொரு டிசைன் கேட்பார்கள். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு எல்லாருடைய வாசல் கேட்டிலும் ஒரே அன்னப்பறவையைத்தான் வைத்து அனுப்புவேன். எனக்கு வேறு பறவை வராது.

அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். கூவத்தூர்ப் பக்கம் வீடு. மாமல்லபுரத்திலிருந்து செய்யூர் வரைக்கும் எங்கே வெல்டிங் மிஷின் படுத்தாலும் ஆள் போவது அவருக்குத்தான். நீல மொபெட், முன்னால் ஒயர் கூடை. கூடைக்குள் சாப்பாட்டு டப்பா, நாலு ஸ்பேனர், ஒரு அரம், அப்புறம் பழைய சேலைத் துணியில் பச்சைப் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி சுற்றிய இரண்டு குண்டு பல்பு. பல்பு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒயரில் கோத்து, இரண்டு முனையை வெளியே நீட்டி விட்டிருப்பார். அவருடைய மொத்த ஆஸ்பத்திரியே அதுதான்.

அவர் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதற்கு மூன்று கதை உலவியது. புருஷன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், அவரிடம் பார்த்துப் பார்த்து வந்தது என்பது ஒன்று. புருஷனுக்குக் காயில் கட்டவே தெரியாது, எல்லாம் இவர்தான் கட்டிக்கொடுத்தார், அந்த ஆள் கல்லாவில் உட்கார்ந்திருந்தார் என்பது இரண்டாவது. ஐ.டி.ஐ.யில் படித்தவர் என்பது மூன்றாவது. மூன்றையும் நான் பார்க்கவில்லை. அதனால் மேலே பேசவும் எனக்கு வாயில்லை.

முதல்முதலாக நான் அவரைப் பார்த்தது பூஞ்சேரிப் பக்கம். ஒரு தங்கும் விடுதி எழும்பிக்கொண்டிருந்தது, மொட்டைமாடிக் கைப்பிடி என்னுடைய வேலை. கட்டடக்காரர்களுடைய மிஷின். காலையில் சுவிட்சைப் போட்டால் செத்த மாடு மாதிரிக் கிடக்கிறது. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் டெஸ்டரை வைத்துக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். இந்த முனையில் வைத்தாலும் சிவப்பு விளக்கு எரிகிறது, அந்த முனையில் வைத்தாலும் எரிகிறது.

"மச்சான், ரெண்டு பக்கமும் கரண்டு வருது. அப்ப மிஷின்தான் அவுட்டு. காயில் போய்க்கீது, செங்கல்பட்டுக்கு ஏத்திடலாம்" என்றான் ஒருத்தன்.

டெம்போவே வந்துவிட்டது. நாலு பேர் மிஷினைத் தூக்கிப் பாதி ஏற்றியாயிற்று. அப்போதுதான் மொபெட் வந்து நின்றது. அக்கா இறங்கி, கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மிஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பையன்களைப் பார்த்துக் கேட்டார்.

"காயில் போயிடிச்சா? பாத்தியா, நெனச்சியா?"

"டெஸ்டர் எரியுதுக்கா, ரெண்டு பக்கமும்."

"டெஸ்டர் எரியுதுன்னா டெஸ்டர் எரியுது. அவ்ளோதான். மிஷின எறக்கு."

மறுபடி இறக்கி ஒயரை மாட்டி, இரண்டு முனைக்கும் நடுவில் பல்பை வைத்தார். எரியவில்லை. பல்பு இரண்டும் சும்மா முழித்துக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை, எலக்ட்ரீஷியன்களுக்கு அதைவிடப் புரியவில்லை.

"மிஷினுக்கு ரெண்டு லைன் வேணும். உனுக்கு வர்றது ஒரே லைன். அது இந்தப் பக்கமா பூந்து, காயில்குள்ள சுத்திகினு, அந்தப் பக்கம் வந்து எட்டிப் பாக்குது. நீ அதப் பாத்து ஆளு வந்துட்டான்னு எல போட்டுகினு கீற" என்றார்.

சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், கடல் காற்றில் ஒரு பக்கத்துச் செம்பு பச்சை பூத்து, தொட்டவுடன் உதிர்ந்தது. அரத்தால் சுரண்டி, முறுக்கி வைத்தார். மிஷின் 'ஊம்' என்று எழுந்தது. டெம்போக்காரர் மட்டும் வாடகை போச்சே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மிஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கேள்வியை ஊரில் எல்லார்மேலும் பல்பு வைக்கிற மாதிரி வைப்பார். அவர் புருஷனுடைய நினைவு ஜெபத்துக்குப் போயிருந்தேன். பிரியாணி என்று சொன்னதால் போயிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக, "அன்னார் இப்போது பரலோகத்தில் இளைப்பாறிக்கொண்டிருக்கிறார்" என்றார். பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா ஜக்கைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தீங்களா ஐயா?" என்றார்.

எனக்கு ஒரு எலும்பு தொண்டையில் நின்றது.

பாஸ்டர் நல்ல மனுஷர். "பாக்கலம்மா, விசுவாசிக்கிறேன்" என்றார்.

"அப்ப சரி. விசுவாசம்னு சொல்லுங்க, நானும் விசுவாசிக்கிறேன். இருக்காருன்னு அடிச்சி சொல்லாதீங்க, எனுக்குப் போய்ப் பாக்கணும்போல ஆயிடுது" என்று சொல்லிவிட்டு ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அவர் முகத்தை அப்போது யாரும் பார்க்கவில்லை. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்ததை மட்டும் சொல்கிற ஆளால் வம்பு வராது என்று நினைக்காதீர்கள். எங்கள் பட்டறைக்கு எதிரில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ஒருநாள் பால் வாங்கப் போனவர் ஆளைக் காணோம். அவர் சம்சாரம் அந்த வழியாக வந்த அக்காவை நிறுத்தி, "என் வூட்டுக்காரர எங்கனா பாத்தியாக்கா?" என்று கேட்டார்.

"பாத்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல. பக்கத்துல ஒரு பொம்பள நின்னுகினு இருந்தா. யாருன்னு தெரியாது."

போய்விட்டார். அவருக்கென்ன, பார்த்தது பார்த்தபடி. அந்தப் பொம்பளை கடைக்காரரின் சொந்தத் தங்கச்சி, பிரசவத்துக்கு வந்தவள் என்று தெரிவதற்குள் மூன்று நாள் கடை மூடியிருந்தது, கடைக்காரருக்கு நெற்றியில் ஒரு வீக்கம், எங்கள் யாருக்கும் டீ கிடையாது. "ஏங்க்கா, யாருன்னு தெரியலன்னா சொல்லாம உட்டுருக்கலாமே" என்று கேட்டேன். "பொம்பள நின்னத மறச்சா அது பொய்யி. தங்கச்சின்னு சொல்லியிருந்தா அது நெனப்பு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் பக்கத்தில் நிற்க எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

ஒரே ஒரு தடவை அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அது பல வருஷம் கழித்து, சுனாமி வந்து கரையைப் புரட்டிப்போட்ட அந்த வாரம். இரண்டு மூன்று நாள் கழித்து, "மறுபடி வருது" என்று ஒரு புரளி கிளம்பி, ரோடெல்லாம் ஜனம் மேற்கே ஓடியது. நான் எப்படி ஓடினேன் என்றால், கையில் பாதி செய்த ஜன்னல் கிரில்லோடு ஓடினேன். ஏன் அதை எடுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியாது. வழியில் அக்கா. அவரிடமாவது நின்று விசாரிக்கலாம் என்று, "அக்கா, அலை வருதாமே, யாராச்சும் பாத்தாங்களா?" என்று நானே கேட்டேன். மொபெட்டை முறுக்கி எனக்கு முன்னால் போய்விட்டார். அப்புறம் கேட்டதற்கு, "கடலுக்கு பல்பு வச்சிப் பாக்க முடியுமாடா? போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்றதுக்கு ஆளு இருக்காது" என்றார்.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன்.

பெண் கருங்குழி. அப்பா ரைஸ் மில்லில் ஃபோர்மேன். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, 'சொந்த லாரி' என்று தரகர் சொன்னதை நம்பிக் கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு மறுநாள்தான் தெரிந்தது, லாரி வேறு யாருடையதோ, மாப்பிள்ளை அதைக் கழுவுகிறவர் என்று. அதனால் இளையவளுக்கு மனுஷர் கறாராக இருந்தார். "பட்டறை வச்சிக்கீறான்னு சொல்றீங்க. நான் நேர்ல வருவேன். பட்டறை அவனுதுதான்னு தெரியணும், மிஷின்ல நெருப்பு பறக்கணும். என் பொண்ணையும் இட்டுகினு வருவேன், வாழப்போறவ அவ, அவளும் பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணி.

எனக்கு வயது முப்பத்தொன்று. இதற்கு முன்னால் ஆறு வீட்டில், 'சொல்லி அனுப்புகிறோம்' என்று சொல்லி, அந்த ஆறு பேரும் இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து நான் சாப்பிட்டால் உப்பு காரம் தெரியவில்லை. ஆகவே வியாழக்கிழமை பூராவும் பட்டறையை அலங்கரித்தேன். பச்சை எனாமல் பெயின்ட் இரண்டு டப்பா வாங்கி மேஜைக்கு அடித்தேன். மிஷினுக்கு அடித்தேன். மிஷினின் கைப்பிடி, சக்கரம், நட்டு, போல்ட்டு எல்லாவற்றுக்கும் அடித்தேன். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிஷினிலிருந்து ஒரு கேபிள் போய் மேஜையைக் கவ்விக்கொண்டிருக்குமே ஒரு கிளாம்ப்பு, அதன் வாயைத் திறந்து, பல்லுக்கும் சேர்த்து அடித்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெல்டிங் ராடை எடுத்து மேஜையில் ஒரு கிழி கிழித்தேன். ஒன்றும் வரவில்லை. மிஷின் உறுமுகிறது, பொறி இல்லை. இன்னொரு கிழி. பெயின்ட்டில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

ஒரு தொழிலாளி அப்போது என்ன செய்ய வேண்டும்? முந்தாநாள்வரை எரிந்தது, நேற்று நான் என்ன செய்தேன் என்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. எனக்கு மூத்த மாப்பிள்ளையின் லாரி கண் முன்னால் போனது. ராடு நனைந்திருக்கும் என்று புதுக் கட்டு பிரித்தேன். ராடைக் கவ்வுகிற ஹோல்டரைக் கழற்றி மாட்டினேன். மிஷினைக் காலால் உதைத்தேன், கால் பச்சையானது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அப்புறம் புத்தி முற்றிலும் கழன்று, ஸ்பேனரை எடுத்து மிஷினின் மேல்மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே செம்புப் பட்டைகள் நட்டு போட்டு இறுக்கியிருந்தன. எல்லாவற்றையும் கழற்றிப் பளபளவென்று துடைத்துத் தரையில் வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. தோராயமாக மாட்டினேன். சுவிட்சைப் போடக் கை வரவில்லை. மூடியை மூடிவிட்டு அக்காவுக்கு ஆள் அனுப்பினேன்.

ஒன்றரை மணிக்கு வந்தார். வழக்கம்போல மிஷினைத் தொடவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா ஆச்சி?"

"செத்துடுச்சுக்கா."

"உங்கிட்ட சொல்லிட்டு செத்துச்சா? எப்ப கடைசியா எரிஞ்சிது?"

"முந்தாநாள் சாயந்தரம்."

"அதுக்கப்புறம் இன்னா தொட்ட?"

"பெயின்டு அடிச்சேன்."

"அது தெரியுது, ரோட்டுலயே வாசன வருது. வேற?"

"வேற ஒண்ணும் தொடல."

"மூடியத் தொறந்தியா?"

இங்கேதான் நான் ஒரு பொய் சொன்னேன். மார்க் பண்ணாமல் பிரித்தேன் என்று சொன்னால் திட்டுவார், திட்டுகிற நேரத்தில் நாலு மணி ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. "இல்லக்கா, தொறக்கவே இல்ல. சத்தியமா" என்றேன்.

"பாத்தியா, நெனச்சியா?"

"இதுல பாக்கறதுக்கு இன்னாக்கா கீது, நான் தொறக்கல."

அக்கா எழுந்தார். சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டார். மேஜையைச் சுற்றி வந்தார், கேபிளைத் தூக்கிப் பார்த்தார், கிளாம்ப்பின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அப்புறம் சுவரைப் பார்த்து நடந்தார்.

"சரி, தொறக்கலன்னா உள்ள எல்லாம் ஒழுங்காதான் இருக்கும். போட்டுப் பாப்போம்" என்று சுவிட்சில் கையை வைத்தார்.

"அக்கா போடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஓடிப்போய் சுவிட்சுக்கும் அவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "தொறந்தேன்க்கா. எல்லாத்தையும் கழட்டிட்டேன். எது எங்க இருந்துச்சுன்னு தெரியல. காயில் எரிஞ்சிடும்க்கா. அவங்க நாலு மணிக்கு வராங்க."

அக்கா கையை எடுத்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"பெயின்டு புதுசு. நட்டு மேல மட்டும் ஸ்பேனர் கடிச்சி உரிஞ்சிகினு கீது. வந்தவுடனே பாத்தேன். நீயா சொல்றியான்னு பாத்தேன், அவ்ளோதான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "மிஷின்ல கீற ஃபால்ட்ட நான் எப்படியும் புடிச்சிடுவேன் தம்பி. நீ பொய் சொன்னா ஃபால்ட்டு ரெண்டாயிடுது. ஒண்ணு மிஷின்ல, ஒண்ணு உங்கிட்ட. எத்த மொதல்ல பாக்கறது?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூடியைக் கழற்றினார். பட்டைகளை ஒரு மாதிரி வைத்தால் நானூறு வோல்ட்டுக்கு, இன்னொரு மாதிரி வைத்தால் வீட்டுக் கரண்டுக்கு. நான் மாட்டியிருந்தது வீட்டுக் கரண்டு மாதிரி, ஆனால் சுவரில் வருவது நானூறு. அக்கா கீழே உட்கார்ந்து பல்பை வைத்து ஒவ்வொரு முனையாக, எது எதற்குச் சொந்தம் என்று பார்க்க ஆரம்பித்தார். "டார்ச்ச நேரா புடி. ஆடாத. இன்னும் கிட்ட வா. அந்த நட்ட குடு. அதில்ல, மண்ட, அது." நான் வேட்டியில் பச்சையோடு, தலையில் எலுமிச்சம்பழ விதையோடு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் கார் நின்றது. மணி இரண்டேகால். ஃபோர்மேனுக்கு நாலு மணி என்று சொல்லிவிட்டு முன்னாடியே வருவதுதான் திட்டம். அதுவும் பார்க்கிற ரகம்.

வெள்ளைச் சட்டையில் மனுஷர் உள்ளே வந்தார். பின்னால் அந்தப் பெண், போட்டோவைவிட நன்றாக. இருவரும் பார்த்த காட்சி இதுதான்: ஒரு அம்மா நடுவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறார், மாப்பிள்ளை என்று சொல்லப்பட்டவன் டார்ச் பிடிக்கிறான்.

ஃபோர்மேன் முகம் இருண்டது. லாரி கழுவின மூத்த மாப்பிள்ளை அவர் கண்ணுக்குள் வந்து நின்றதை நானே பார்த்தேன்.

"ஏம்மா, இது யாரு பட்டற?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இவனுதுன்னு இவன் சொல்றான்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

"உனக்குத் தெரியாதா?"

"நான் எங்க பத்திரத்தப் பாத்தேன்?"

"அக்கா!" என்றேன். அது ஒரு ஆட்டுக்குட்டியின் சத்தம் மாதிரி வெளியே வந்தது.

"இரு. பெரியவரே, எனுக்கு நெனச்சத சொல்லத் தெரியாது. பாத்தத சொல்லட்டா? மிஷினுக்குப் பெயின்டு அடிச்சிக்கீறான், நீங்க வரீங்கன்னு. அடிக்கக்கூடாத எடத்துலயும் அடிச்சிக்கீறான். அதனால பொறி வரல. பயந்துகினு மிஷினப் பிரிச்சிட்டான். குறிச்சி வைக்கல. நான் கேட்டப்ப தொறக்கவே இல்லன்னு பொய் சொன்னான்."

பார்த்தது அத்தனையும் சரி. ஒன்றுகூட எனக்கு உதவாது. நான் டார்ச்சை அணைத்துவிட்டேன், இனி எதற்கு வெளிச்சம் என்று.

"டார்ச்ச போடு" என்றார் அக்கா. கடைசி நட்டை இறுக்கி, மூடியை வைத்து, தானே போய் சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. அரத்தை எடுத்து என் கையில் திணித்தார். "கிளாம்ப்பு பல்ல சொரண்டு. மேஜையில கிளாம்ப்பு கடிக்கிற எடத்தையும், ராடு வைக்கிற எடத்தையும் சொரண்டு. இரும்பு தெரியணும். பெயின்டுக்குள்ள கரண்டு பூந்து வரும்னு எவன் சொன்னான் உனுக்கு?"

மாமனாராக வர வேண்டியவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நாள் முழுக்க அடித்த பெயின்ட்டை மண்டியிட்டுச் சுரண்டினேன். ராடை வைத்தேன். முதல் தடவை ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன். இரண்டாம் தடவை பட்டறை முழுக்க வெள்ளை வெளிச்சம். ஃபோர்மேன் கறுப்புக் கண்ணாடித் தட்டியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குனிந்து, பொறி பறப்பதை முழுசாகப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது. மேஜை, மிஷின், சக்கரம், கிளாம்ப்பின் பல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பட்டற இவனுதுதான். வாடகை மிஷினுக்கு எவன் பல்லு வரைக்கும் பெயின்டு அடிப்பான்?" என்றார். என் வாழ்க்கையில் என் முட்டாள்தனத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்ட ஒரே மனுஷர். ஆனால் உடனே அடுத்ததைப் போட்டார். "பொய் சொன்னான்னு சொன்னியேம்மா. அது?"

"சொன்னான்" என்றார் அக்கா. பல்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷம் இருக்கும். அதுக்கு மேல அவனால தாங்க முடியல. நான் சுவிட்சுல கைய வச்சேன், குறுக்க வந்து வுழுந்து ஒத்துகினான்."

"இனிமே சொல்ல மாட்டானா?"

"அத்த நான் எப்படிப் பாக்கறது?"

ஃபோர்மேன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி தம்பி. வூட்டுல பேசிட்டு சொல்லி அனுப்பறோம்" என்றார். ஏழாவது. எனக்கு அந்த வாக்கியத்தின் நீள அகலமெல்லாம் பழக்கம். தலையை ஆட்டினேன். அக்கா கூடையை மாட்டி, மொபெட்டை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் நகரவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"வேற எதுனா தொட்டீங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறு வீடும் லாரியும் வரிசையாக வந்து போயின. வாசலில் அக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஃபேன தொட்டேன்" என்றேன். "கரண்டு கம்மியா வருதோன்னு ரெகுலேட்டரக் கழட்டினேன். மாட்டத் தெரியல. ரெண்டு ஒயர் மிச்சமாயிடிச்சி. சட்டைப் பையில வச்சிருக்கேன்."

எடுத்துக் காட்டினேன். ஒரு ஸ்க்ரூவும் கூட வந்தது. அது எதனுடையது என்று தெரியவில்லை, அதையும் சொன்னேன்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, தகரத்துக்குக் கீழே அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, போறதுக்குள்ள இந்த ஃபேனையும் பாத்துட்டுப் போங்க. சித்திரையில இந்தத் தகரத்துக்கடியில நான் எப்படி உக்கார்றது?"

ஃபோர்மேன் துண்டைத் தோளிலிருந்து மறுபடி எடுத்தார். அக்கா மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டார்.